கிளச் இல்லாத வான்

நாகேந்திரம் அந்த வானை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கீழே நின்று ஹோர்ன் அடித்துக் கூப்பிடவில்லை. இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க, அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அருந்ததி, இந்த வானில இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை."

அருந்ததி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்ப நான் ஓட்டலாமோ?"

அவர் திகைத்துப் போனார். புதினமான ஒரு விசயத்தைச் சொல்லத்தான் ஓடி வந்தாரே தவிர, அதன் மறுபக்கம் அவருக்கு அதுவரை தோன்றவில்லை. பிறகு சிரித்தார். "ஏன் ஓட்டேலாது? வாரும், வந்து பாரும்."

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அருந்ததியின் இடது காலை மெலிய வைத்துவிட்டுப் போயிருந்தது. முழங்காலிலிருந்து சப்பாத்து வரை இரும்புச் சட்டம் பூட்டித்தான் நடப்பாள். நடப்பதில் அவளுக்குக் குறையில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் தங்கள் ஒழுங்கையிலிருந்து காலி வீதியில் இருந்த மருந்துக்கடைக்கு நாள்தோறும் நடந்துதான் வேலைக்குப் போனாள். அங்கே மருந்து கலந்து கொடுப்பது அவள் வேலை. வைத்தியர்களின் கோழிக்கிறுக்கலை வாசிப்பதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் பஸ்? கொழும்பு பஸ் ஒருவருக்காகவும் நிற்பதில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மிதிபலகையில் வலது காலை வைத்துவிட்டு இடது காலைக் கையால் தூக்கி வைப்பதற்குள் அது கிளம்பிவிடும். பம்பலப்பிட்டியில் ஒருநாள் அப்படி விழுந்தவள், அதன்பிறகு பஸ் ஏறவில்லை. கலியாண வீடு, கோயில், மகள் பைரவியின் பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாவற்றுக்கும் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் போவாள்.

நாகேந்திரம் ஒரு கட்டடக் கம்பனியில் கணக்காளர். அங்கே வேலை செய்த ஜப்பான் எஞ்சினியர் ஒருவர் குடும்பத்தோடு நாடு திரும்பியபோது விட்டுப்போன வான்தான் அது. வெள்ளை நிறம். எட்டுப் பேர் வசதியாக இருக்கலாம். ஒட்டோ கியர். கால் வைக்கும் இடத்தில் இரண்டே மிதிகள். ஒன்று ஓட, மற்றது நிறுத்த. கிளச் என்பதே கிடையாது.

ஓட்டப் பழக அவளுக்கு அதிக காலம் எடுக்கவில்லை. லைசென்ஸ் பரீட்சைக்குப் போன இடத்தில், தலை நரைத்த சிங்களப் பரீட்சகர் அவளுடைய இரும்புச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கக்குலட்ட மொகத உனே?" காலுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

"புஞ்சி காலே போலியோ, மஹத்தயா. மே வாஹனேட்ட ஏ கக்குல ஓனே நே." சின்ன வயதில் போலியோ, இந்த வாகனத்துக்கு அந்தக் கால் தேவையில்லை என்று அவள் சொன்னாள்.

அவர் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொரளைச் சந்தி நெரிசலுக்குள் ஓட விட்டார், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க விட்டார், குறுகிய ஒழுங்கைக்குள் பின்பக்கமாக விடச் சொன்னார். இறங்கும்போது கையெழுத்து வைத்தார். லைசென்சில் ஒட்டோ வாகனம் மாத்திரம் என்று குறித்திருந்தது. அருந்ததிக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளவத்தை அவளை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. காலையில் பைரவியையும் அதே மாடிவீட்டுப் பிள்ளைகள் சிலரையும் பள்ளிக்கூடத்தில் இறக்குவாள். கீழ்வீட்டுப் பொன்னம்பலம் மாஸ்டரின் மனைவியை கிளினிக்குக்குக் கொண்டுபோவாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் பெண்கள் வானை நிறைத்துக்கொண்டு கதைத்தபடி வருவார்கள். சட்டம் பூட்டிய காலை ஒரு பக்கமாக நீட்டி வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காலி வீதி பஸ்காரர்களுக்குக் கொஞ்சமும் இடம் கொடுக்காமல் அவள் ஓட்டுகிற விதத்தைப் பார்த்து, "உவவுக்குப் பயமே இல்லை" என்பார்கள்.

நாகேந்திரமும் ஓட்டுவார். ஆனால் இருவரும் சேர்ந்து போகும்போது அவர் கேட்காமலே இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிவிடுவார்.

வானுக்கு வருத்தம் வந்தது தொண்ணூற்றேழாம் ஆண்டில்.

அதற்குச் சற்று முன்புதான் யாரோ சொன்ன ஓர் இடத்தில் கியர் எண்ணெய் மாற்றியிருந்தார்கள். மாற்றிய புதிதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில், எஞ்சின் திடீரென்று கத்தியது. வான் நகரவில்லை. அருந்ததி மிதியை இன்னும் அழுத்தினாள். எஞ்சின் இன்னும் பலமாகக் கத்தியதே தவிர, வான் பின்பக்கமாக வழுக்கத் தொடங்கியது. கை பிரேக்கை இழுத்துப் பிடித்து நிறுத்தினாள். பின்னால் வந்த லொறிக்காரன் ஏசினான். வழியில் நின்றவர்கள் தள்ளி ஓரமாக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அது எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காலையில் குதிரை மாதிரிப் புறப்படும். போகப் போகச் சோர்ந்து, எங்கேயோ ஓரிடத்தில் கைவிடும். காட்டிய கராஜ்களில் எல்லோரும் ஒரே பல்லவிதான்: ஒட்டோ கியரைத் திறக்க இங்கே ஆளில்லை, சாமானும் இல்லை. கழற்றி வீசிவிட்டு சாதாரண கியர் போடுங்கள்.

"போட்டால்?" என்று கேட்டாள் அருந்ததி.

"கிளச் வரும். பிறகு ஒரு கரைச்சலும் இல்லை."

பக்கத்தில் நின்ற நாகேந்திரம் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் நாகேந்திரத்தின் தமையன் சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவர்களோடு தங்கியிருந்தார். கண்ணில் புரை. கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தார். கொழும்பில் தங்குவதற்காகப் பொலிசில் பதிந்த துண்டைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் வாசலுக்கே இறங்குவார். கொட்டாஞ்சேனையில் ஒரு கண் வைத்தியரிடம் அவரைக் காட்ட வேண்டியிருந்தது. நாகேந்திரத்துக்கு கந்தோரில் லீவு கிடைக்கவில்லை. அன்று பள்ளிக்கூடம் இல்லாததால் பைரவியும் தாயோடு புறப்பட்டாள்.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட, தார் பீப்பாக்களை வைத்து வீதியை ஒடுக்கியிருந்த செக்பொயின்ற்றில் வான்கள் வரிசையாக நின்றன. வெயில் ஏறியிருந்தது. மெல்ல மெல்ல ஊர்ந்து அவர்களுடைய முறை வந்தபோது, சென்ரியில் நின்ற ஆமிக்காரன் கையசைத்தான்.

"இஸ்ஸரஹட்ட கன்ன!" முன்னுக்கு எடுக்கச் சொன்னான்.

அருந்ததி மிதியை அழுத்தினாள். எஞ்சின் கத்தியது. வான் அசையவில்லை.

பீப்பாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு உறுமுகிற வெள்ளை வான் அந்தக் காலத்து ஆமிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. அவன் துவக்கைத் தூக்கினான். இன்னும் இருவர் மண் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார்கள். அருந்ததி உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் தெரியும்படி ஸ்ரேரிங்கின் மேல் வைத்தாள்.

"ஒக்கோம பஹின்ன!" எல்லோரும் இறங்கவேண்டும்.

பைரவி இறங்கினாள். சிவபாதசுந்தரம் கதவைத் தடவிப் பிடித்து இறங்கினார். அருந்ததிக்குத்தான் நேரம் எடுத்தது. காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழும்ப வேண்டும். "இக்மண்ட! இக்மண்ட!" என்று ஆமிக்காரன் அவசரப்படுத்தினான்.

"அம்மாகே கக்குல அமாருய்!" என்று பைரவி கத்தினாள். அம்மாவின் கால் ஏலாது. பதினொரு வயதுப் பிள்ளை. அழாமல்தான் சொன்னாள்.

ஆமிக்காரன் இரும்புச் சட்டத்தைக் கண்டான். துவக்கைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

வானை ஓரமாகத் தள்ளினார்கள். சீற்றுகளைத் தூக்கினார்கள், கால்மிதியைப் பிரித்தார்கள், அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள். சிவபாதசுந்தரத்தின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்ததும் கேள்விகள் கூடின. எப்போது வந்தாய், ஏன் வந்தாய், எங்கே நிற்கிறாய். அவர் கண்ணைக் காட்டினார், பொலிஸ் துண்டைக் காட்டினார், வைத்தியரின் கடிதத்தைக் காட்டினார். அருந்ததி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள்.

மேலதிகாரி ஒருவன் வந்தான். சார்ஜன்ட். அமைதியான ஆள். வானுக்கு என்ன பிடித்தது என்று கேட்டான். கியர் வேலை செய்யவில்லை, எஞ்சின் கத்தும், ஆனால் இழுக்காது என்றாள். வாகனம் ஓட்டத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு ஏற்றினான் சார்ஜன்ட். அந்தப் பெடியன் ஏறியதும் பழக்கத்தில் இடது காலால் கிளச்சைத் தேடினான். அகப்பட்ட பிரேக்கை ஓங்கி மிதித்தான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அருந்ததி எட்டிக் கியரைக் காட்டிக்கொடுத்தாள். அவன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கியரைப் போட்டு, மிதியை அழுத்தினான்.

வான் வழுவழுவென்று ஓடியது.

சிரிப்பு நின்றுவிட்டது. சார்ஜன்ட் மெதுவாகத் திரும்பி அருந்ததியைப் பார்த்தான்.

"பொருத கிவ்வே?" பொய்யா சொன்னாய்?

பைரவி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். சிவபாதசுந்தரம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார், முருகா என்றுதான் இருக்கவேண்டும். ஆனால் பயத்துக்கு நடுவிலும் அருந்ததியின் மனம் ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவ்வளவு நேரம் எஞ்சின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தபோது வான் நின்றது. எஞ்சினை நிறுத்திச் சும்மா விட்டதும் ஓடுகிறது. கொட்டாஞ்சேனை ஏற்றத்திலும் அப்படித்தான். தள்ளி ஓரமாக்கி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து எடுத்தபோது ஓடியது.

"பொரு நெவெய், மஹத்தயா," என்றாள். பொய்யில்லை. "இன்னும் கொஞ்சம் ஓடட்டும். திரும்ப நிற்கும்."

"நிற்காவிட்டால்?"

"நிற்கும்," என்றாள் மறுபடியும், சிங்களத்தில், தெளிவாக.

சார்ஜன்ட் அந்தப் பெடியனுக்குச் சைகை காட்டினான். பக்கத்து ஒழுங்கையில் போவதும் திரும்புவதுமாக வான் ஓடியது. ஒவ்வொரு முறையும் அது நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தபோது அருந்ததி எஞ்சின் சத்தத்தையே கூர்ந்து கேட்டாள். தன்னுடைய வான் கெட்டுப்போக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அந்த ஒருநாள்தான். இன்னொரு முறை போய்த் திரும்புகையில், ஒழுங்கை வாசலிலேயே எஞ்சின் வானளாவக் கத்தியது. வான் அப்படியே நின்றது. உள்ளே இருந்தவன் மிதியை மிதித்து, கியரை முன்னும் பின்னும் இழுத்து, கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

ஆமிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார்ஜன்டும் சிரித்தான். அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, சூடு ஆறும்வரை நிழலில் இருக்கச் சொன்னான். வான் ஆறியதும் புறப்பட்டார்கள். கண் வைத்தியரிடம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார்கள், ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று பின்னேரம் நடந்ததையெல்லாம் நாகேந்திரம் கேட்டார். அருந்ததி கதைத்துக்கொண்டே இருந்தாள். "இஞ்சருங்கோ, அது இளைப்பாறினால் ஓடுது. உடைஞ்ச சாமான் இளைப்பாறினாப்போல சரிவருமோ? உள்ளுக்கு ஒண்டும் உடையேல்லை. என்னவோ அடைக்குது."

அவருடைய காதில் விழுந்தது துவக்கு என்ற சொல் மட்டும்தான். அவர் அன்று முழுவதும் மகளைத் தன் பக்கத்திலேயே இருத்தி வைத்திருந்தார்.

அடுத்த கிழமை அவர் தானாகவே மருதானைக்குப் போய், முன்பு ஒருமுறை வானைக் காட்டிய மெக்கானிக் மஜீட் நானாவின் கராஜில் எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்தார். ஒருகொடவத்தையில் ஜப்பான் உதிரிப்பாகங்கள் இறக்கும் யார்டில் அதே வானுக்குப் பொருந்தும் சாதாரண கியர் பெட்டி ஒன்று மஜீட்டுக்குக் கிடைத்திருந்தது. சனிக்கிழமை காலை வானைக் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடு. நாகேந்திரம் இதை மனைவியிடம் சொன்னார். ஆனால் அவசரமாக, சேட் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வேறெதையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நானும் வாறன்," என்றாள் அவள். ஓட்டியதும் அவள்தான்.

மஜீட்டின் கராஜ் அவருடைய வீட்டு முற்றம்தான். தகரக் கூரை, நாலு பக்கமும் கறுத்த எண்ணெய். ஒரு மூலையில் சாக்கு விரித்து, அதன்மேல் அந்தக் கியர் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார். பக்கத்தில் மூன்று மிதிகள் உள்ள ஒரு தட்டு. அருந்ததி இறங்கி நடந்து வந்து, அந்த மூன்றாவது மிதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து கையால் அதை அழுத்திப் பார்த்தாள். கையாலேயே அது இலேசில் போகவில்லை.

"இதைப் போட்டால் வான் ஓடும்," என்றாள். "நான் ஓடமாட்டன்."

"நான் ஓட்டுறன்தானே, அருந்ததி," என்றார் நாகேந்திரம். "எங்கை போகவேணுமெண்டாலும் நான் கூட்டிக்கொண்டு போறன்."

"கூட்டிக்கொண்டு போறதுக்கு நீங்கள் முந்தியும் இருந்தனீங்கள்தானே. நான் எத்தினை இடத்துக்குப் போகாமல் இருந்தனான்."

"அண்டைக்கு உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால்?" என்றார் அவர். "பிள்ளையும் நீரும் அண்ணையும். நான் கந்தோரில இருந்துகொண்டு என்ன செய்திருப்பன்?"

அவரும் எவ்வளவு பயந்து போயிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. அவளுடைய கோபம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் சொல்ல வந்ததை அவள் விடவில்லை.

"எனக்கும் பயம்தான். நடு ரோட்டில நிக்கிற வானில எனக்கும் போக விருப்பமில்லை. ஆனால் அது ஏன் நிக்குதெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. எல்லாரும் கழட்டி எறியச் சொல்லுகினமே தவிர, திறந்து பாத்த ஆள் ஆர்?"

மஜீட் தலையைச் சொறிந்தார். "மிஸ், நான் ஒளிக்காமச் செல்றேன். ஒட்டோ பொட்டி ஒண்ட ஒருக்கா தொறந்து, திரும்பப் பூட்ட ஏலாமப் போன. அண்டையில இருந்து தொடுறல்ல."

"பெட்டியைத் திறக்கச் சொல்லேல்லை, நானா. அடியில எண்ணெய் நிக்கிற தட்டை மட்டும் கழட்டுங்கோ." அவள் வானின் முன்பக்கத்துக்குப் போய், கியர் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்து அவரிடம் நீட்டினாள். "இதை மணந்து பாருங்கோ. எரிஞ்ச மணம் இருக்கோ?"

மஜீட் மணந்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். "இல்ல. செவப்பாத்தான் ஈக்கி."

"உள்ளுக்கு ஏதும் எரிஞ்சு தேஞ்சிருந்தால் எண்ணெய் கறுத்து மணக்குமெண்டு நீங்கள்தான் போன முறை சொன்னனீங்கள். அது கறுக்கேல்லை. வான் ஆறினால் ஓடுது. கடையில பாணி மருந்து வடிக்கேக்க வலையில கசடு நிண்டால் முதல்ல நல்லா இறங்கும், பிறகு சொட்டுச் சொட்டா வரும். கொஞ்சம் விட்டால் கசடு கீழ போய்த் திரும்ப இறங்கும். இதுக்குள்ளயும் எண்ணெய் இழுக்கிற இடத்தில வலை இருக்கும்தானே?"

"ஈக்கி," என்றார் மஜீட் யோசனையோடு. "இருக்கத்தான் வேணும்."

பிளேன்ரீ கொண்டுவந்த அவருடைய மனைவி ஸமீமா, தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அருந்ததியின் காலைப் பார்த்தாள், சாக்கில் கிடந்த மிதியைப் பார்த்தாள். "தட்டத் தானே கழட்டச் செல்றாங்க," என்றாள் கணவனிடம். "கழட்டிப் பாத்தா என்னவாம்?"

மஜீட் நாகேந்திரத்தைப் பார்த்தார். நாகேந்திரம் சேட் கையை மடித்துவிட்டார். "சரி நானா. முதல்ல அதைக் கழட்டுவம். நானும் பிடிக்கிறன்."

வானை உயர்த்தி, அடியில் பலகை போட்டு மஜீட் படுத்தார். நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எண்ணெய் வாளிக்குள் கொட்டியது. தட்டு இறங்கியது. அடியிலிருந்து மஜீட் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அல்லாவே! மிஸ், இங்க வந்து பாருங்க!"

வெளியே வந்த அவருடைய கையில் ஒரு சிறு வலைப்பெட்டி இருந்தது. அதன் வாயை அடைத்துக்கொண்டு, சிவப்பு நிறத்தில் ரப்பர் புழுக்களைப் போல ஒரு கொத்து ஒட்டிக் கிடந்தது. எண்ணெய் மாற்றிய ஆள், ஒழுகாமல் இருக்கட்டும் என்று தட்டின் விளிம்பில் பசையை அள்ளி அப்பியிருக்கிறான். பிதுங்கி உள்ளே போன பசை இறுகி, துண்டு துண்டாக அறுந்து, எண்ணெயோடு வந்து வலையை மூடியிருந்தது. ஓட ஓட உறிஞ்சும் வேகத்தில் அது வலையோடு அப்பிக்கொள்ளும். நிறுத்தினால் கழன்று கீழே விழும்.

அருந்ததி அதை வாங்கிப் பார்த்தாள். ஒரு துண்டை நகத்தால் பிய்த்து நாகேந்திரத்தின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அந்தத் துண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கோ," என்றார் கடைசியில், "உம்மை நான் வீட்டில இருத்தப் பாத்தனான்."

வலையைப் பெற்றோலில் கழுவினார்கள். மஜீட் தட்டின் அளவுக்கு மெல்லிய கடதாசி வெட்டி, பசையே இல்லாமல் பூட்டினார். பஞ்சிகாவத்தையில் போய் நாகேந்திரம் புது எண்ணெய் வாங்கி வந்தார். அதற்குள் ஸமீமா அருந்ததியை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, சட்டத்தைக் கழற்றிக் காலை ஆறவிடச் செய்திருந்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தது.

பின்னேரம் வானை இறக்கினார்கள். சாவியை நாகேந்திரம் வைத்திருந்தார். அதை அவர் மனைவியிடம் நீட்டினார். மஜீட் சத்தம் கேட்பதற்காகப் பின் சீற்றில் ஏறினார்.

அருந்ததி வேண்டுமென்றே கரடுமுரடான வழியாகவே விட்டாள். மாளிகாகந்தை ஏற்றத்தில், சனிக்கிழமை நெரிசலில், நின்று நின்று ஏறினாள். வான் ஏறியது. அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு விட்டு, முதலில் கைவிட்ட அதே ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்தாள். ஒரு துள்ளல்கூட இல்லை. களனி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வத்தளைக்கு விட்டாள். நீர்கொழும்பு பஸ்கள் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டு போயின. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. வழக்கமாக நிற்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மஜீட் காதை வானின் தரையோடு வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"என்ன நானா?" என்றார் நாகேந்திரம்.

"என்னத்தச் செல்ற? புதுப் பொட்டி மாதிரி ஓடுது!" மஜீட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க வேலைக்கு வாறண்டா செல்லுங்க மிஸ், பாதிக் கராஜ எழுதித் தாறன்."

அருந்ததி வாய்விட்டுச் சிரித்தாள். தன்னை அறியாமல் வேகம் கூட்டியிருந்தாள். நாகேந்திரம் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாரே தவிர, மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

ஒருகொடவத்தையிலிருந்து வந்த கியர் பெட்டி திரும்பிப் போனது. மஜீட் அதன்பிறகு ஒட்டோ வான்களுக்குப் பயப்படவில்லை. தட்டைக் கழற்றி, வலையைப் பார்த்து, அந்த அளவில் சரிவரும் பல வான்களைச் சரிசெய்தார். யாராவது தங்கள் வானின் குணத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் நின்றால், "வெள்ளவத்தையில மருந்துக்கட மிஸ் ஒராள் ஈக்கிறாங்க, அவங்கள ஒருக்கா ஓட்டிப் பாக்கச் செல்லுங்க" என்று அனுப்பிவிடுவார். கொட்டாஞ்சேனையில் வியாபாரம் செய்த கொன்ஸ்ரன்ரைன் என்பவர் அப்படித்தான் ஒருநாள் தன்னுடைய வானோடு மருந்துக்கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார். அருந்ததி வெள்ளைக் கோட்டுடன் அவருடைய வானில் ஏறி பம்பலப்பிட்டி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது வலை இல்லை, உங்களுக்குக் கேபிள் தளர்ந்து போச்சு" என்றாள். அப்படியே இருந்தது. அடுத்த நாள் அவர் ஒரு கேக் பெட்டியோடு வந்தார்.

குண்டு வெடித்து வீதிகளை மூடிய நாட்களிலும் அவள் அந்த வானை ஓட்டினாள். ஊரடங்கு தளர்ந்த சிறு இடைவெளிகளில் பொன்னம்பலம் மாஸ்டரின் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். சிவபாதசுந்தரத்தின் இரண்டு கண்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுகப்பட்டன. ஆனால் பாதை இல்லாததால் அவர் ஊர் திரும்ப முடியாமல் வருடக்கணக்கில் அவர்களோடேயே தங்கிவிட்டார்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்று சொல்லி ஏ ஒன்பது வீதியைத் திறந்தார்கள். அவரைக் கொண்டுபோய் விட வான் புறப்பட்டது. வவுனியா தாண்டியதும் வீதி என்று சொல்ல ஒன்றுமில்லை. குழிகளும், இரண்டு பக்கமும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளும், தலையில்லாத பனைகளும்தான். வெக்கை தார்ப்பாய் மாதிரி மூடியிருந்தது. இரண்டு தரப்புச் சோதனைச் சாவடிகளிலும் இறங்கி, நடந்து, சாமான்களை அவிழ்த்துக் காட்டி, மறுபடி ஏறினார்கள். கால் கடுத்தபோது நாகேந்திரம் ஒரு மரநிழலில் வானை நிறுத்த வைத்து, சட்டத்தைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிவிட்டார். "நான் கொஞ்சம் ஓட்டட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றாள். அவர் திரும்பக் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் வான் போய் நின்றபோது சொந்தக்காரர்களும் அயலவர்களும் கூடிவிட்டார்கள். சிவபாதசுந்தரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுகை ஓய்ந்ததும், இவ்வளவு மோசமான வழியில் வானைக் கொண்டுவந்த ட்ரைவர் எங்கே, அவருக்கும் தேத்தண்ணி கொடுக்க வேண்டுமே என்று ஒருவர் தேடினார்.

"ட்ரைவரோ?" நாகேந்திரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "உதிலை நிக்கிறா. என்ரை மனுசி. கொழும்பில இருந்து இஞ்சை மட்டும் அவதான் ஓட்டினவ. நான் ஒரு இடத்திலயும் கைவைக்கேல்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருந்ததி வானில் சாய்ந்துகொண்டு நின்றாள். முகமெல்லாம் செம்மண் புழுதி. நாகேந்திரம் அதையே அடுத்ததாக வந்தவர்களிடமும் சொன்னார். பின்னேரம் வந்தவர்களிடமும் சொன்னார். போதும் நிறுத்துங்கோ என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.